பெருவின் குளிர் நீரோட்டம்: கேள்வி பதில்

கேள்வி: சார், பெருவின் தலைநகர் லிமா 12 டிகிரி தெற்கு, சென்னை 13 டிகிரி வடக்கு. இரண்டும் கடலோரம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மி.மீ. மழை, லிமாவில் 15 மி.மீ. பெய்தாலே அதிகம். கடல் பக்கத்தில் இருந்தும் ஏன் இப்படி?

பதில்: லிமாவின் கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வடக்கே போவது ஹம்போல்ட் நீரோட்டம். பாடப்புத்தகத்தில் பெரு நீரோட்டம் என்று வரும். ஆகஸ்டில் அங்கே கடலின் மேல்நீர் 16 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். அதைத் தொடும் காற்று குளிர்ந்து கனத்துத் தாழ்ந்தே கிடக்கிறது. அதற்கு மேலே, தென் பசிபிக்கின் உயர் அழுத்தப் பகுதியிலிருந்து இறங்கும் காற்று, இறங்க இறங்க அழுந்திச் சூடாகிறது. வழக்கமாக ஒரு கி.மீ. உயரம் ஏறினால் 6.5 டிகிரி குறையும். லிமாவிலோ குளிர்காலத்தில் (ஜூன் முதல் செப்டம்பர் வரை) சில நூறு மீட்டர் ஏறியதும் வெப்பம் கூடத் தொடங்கிவிடும். இதுதான் வெப்பத் தலைகீழ் நிலை. கனமழை தரும் மேகம் பல கி.மீ. உயரத்துக்கு வளர வேண்டும். இங்கே ஒரு கி.மீட்டருக்குள்ளேயே பானைக்கு மூடி போட்டதுபோல் நின்றுவிடுகிறது. மழையைத் தடுப்பது குளிர்நீர் மட்டும் அல்ல, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் சூடான காற்றும்தான். இதை விட்டுவிட்டுப் படித்தால் மற்ற எதுவும் விளங்காது.

கேள்வி: அப்படியென்றால் லிமாவின் காற்று வறண்டதா?

பதில்: நேர்மாறு. ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயில் முகம் காட்டுவதே அரிது. காரூவா என்று அங்கே சொல்லும் பொடித்தூறல் சாலையை நனைக்கும். மழைமானியில் பதிவாவது சொற்பம்.

கேள்வி: அண்டார்டிகாவிலிருந்து வரும் நீர் என்பதால்தானே இவ்வளவு குளிர்?

பதில்: பாதிதான் சரி. தெற்கிலிருந்து வரும் நீர் குளிர்ந்ததுதான். ஆனால் பெருவின் கரையில் காணும் குளிர்ச்சியின் பெரும்பங்கு கீழிருந்து வருகிறது. கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே காற்று வீசுகிறது. தென் அரைக்கோளத்தில், பூமி சுழல்வதால் உண்டாகும் கொரியாலிஸ் விசை மேல்நீரைக் காற்றின் போக்குக்கு இடப்புறமாக, அதாவது கரையை விட்டு வெளியே, தள்ளும். அந்த இடத்தை நிரப்ப 50 முதல் 200 மீட்டர் ஆழத்து நீர் மேலே வருகிறது. நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் அதோடு வருவதால் நுண்பாசி பெருகி, நெத்திலி கொழிக்கிறது. 1970-ல் பெருவின் நெத்திலிப் பிடிப்பு 1.2 கோடி டன்னைத் தாண்டியது.

கேள்வி: சிலியின் அட்டகாமா பாலைவனத்துக்கும் இந்த நீரோட்டம்தான் காரணம் என்று தேர்வில் எழுதலாமா?

பதில்: அதை மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. மூன்றையும் எழுதுங்கள்: துணை வெப்பமண்டலத்தில் இறங்கும் காற்று, அமேசான் பக்கத்து ஈரத்தை மறிக்கும் ஆண்டிஸ் மலைத்தொடர், கரையோரக் குளிர்நீர். சிலியின் அரிகா நகரில் 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை மழையே பதிவாகவில்லை.

கேள்வி: மூடுபனியை வலையில் பிடித்துக் குடிநீர் ஆக்குகிறார்களாமே, எப்படி?

பதில்: சிலியில் சுங்குங்கோ என்ற மீனவக் கிராமம், 300 பேருக்குச் சற்று அதிகம். எல் டோஃபோ மலைமுகட்டில் வலை கட்டி 1992 முதல் குழாயில் நீர் கொண்டுவந்தார்கள். ஒரு வலை 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்குச் சராசரி 3 லிட்டர்.

இடத்தைத் தேர்வதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மேகம் மலையில் மோதும் உயரம் வேண்டும், காற்றும் வேண்டும். காற்று அசையாத பள்ளத்தில் எவ்வளவு பனி இருந்தாலும் வலை காய்ந்தே நிற்கும். முதலில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்து, அடி விளிம்பு தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி, காற்றுக்குக் குறுக்கே நிறுத்துங்கள். வெயிலில் 35 சதவீதத்தை மறைக்கும் நிழல்வலையை இரட்டையாகப் போடுங்கள். இரண்டு அடுக்கும் உரசும்போது துளிகள் சேர்ந்து வழியும். ஓராண்டு அளந்து பார்த்த பிறகே பெரிய வலைக்குச் செலவு செய்ய வேண்டும். தளர்ந்த வலை காற்றில் பின்னே உப்பும். சொட்டு தொட்டியில் விழாமல் வெளியே போகும். ஆகவே கம்பி இழுவையை அடிக்கடி பார்க்க வேண்டும். சுங்குங்கோவிலும் பராமரிப்பு நின்றதும் திட்டம் படுத்துவிட்டது.

கேள்வி: எல் நினோ வந்தால்?

பதில்: சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக்கின் நடு, கிழக்குப் பகுதி வழக்கத்தை மீறிச் சூடாவதுதான் எல் நினோ. அப்போது கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று தளர்கிறது. வெதுவெதுப்பான மேல்நீர் அடுக்கு பெருவின் கரையில் தடிக்கிறது. அப்போது கீழிருந்து நீர் மேலே வந்தாலும் அதுவும் வெதுவெதுப்பாகவே, சத்தில்லாமலே வரும். தலைகீழ் நிலை கலைந்து, வடபெருவின் பாலைவனத்தில் வெள்ளம். 1997-98-ல் சேச்சுரா பாலைவனத்தில் பெரிய ஏரியே உருவானது. 1972-73-ல் நெத்திலி சரிந்ததற்கும் எல் நினோ ஒரு காரணம். அளவு மீறிப் பிடித்தது இன்னொன்று.

கேள்வி: நம் பக்கம் இப்படி ஒரு நீரோட்டம் உண்டா?

பதில்: ஆண்டு முழுதும் ஓடுவது இல்லை. வட இந்தியப் பெருங்கடலை ஆசியா அடைத்து நிற்கிறது. காற்றும் பருவத்துக்குப் பருவம் திசை மாறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது சோமாலியக் கரையில் குளிர்நீர் பலமாக மேலெழும். கேரளக் கரையில் அதே மாதங்களில் மிதமாக நடக்கும். மத்தி மீன் வளத்துக்கு அது முக்கியம்.