அமெரிக்காவின் கொலராடோவில் தன்பாலினத் திருமண ஆர்டரை மறுக்கலாமா?

நாற்காலி, ஷாமியானா வாடகையை மறுக்க முடியாது. அழைப்பிதழுக்கு நீங்களே எழுதித் தரும் வாசகத்தை மறுக்க இடமுண்டு. தன்பாலின ஜோடி கேட்டால் மத நம்பிக்கையைச் சொல்லி இரண்டையும் தவிர்க்கலாமா என்ற உங்கள் கேள்விக்குக் கொலராடோவில் இதுதான் பதில்.

குழப்பம் 2023 ஜூனில் வந்த '303 கிரியேட்டிவ்' தீர்ப்பால் இருக்கும். தன்பாலினத் திருமணங்களுக்கு இணையதளம் செய்ய விரும்பாத கொலராடோ வடிவமைப்பாளர் ஒருவர் தொடுத்த வழக்கு அது. மத உரிமைக்கு வெற்றி என்று பலரும் எழுதித் தள்ளினார்கள். ஆனால் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்று தீர்த்தது பேச்சுரிமையின் கீழ். நாத்திகருக்கும் அது பொருந்தும். அந்த வடிவமைப்பாளர் தன்பாலின வாடிக்கையாளர்களுக்கும் வேலை செய்வார் என்று இரு தரப்புமே ஒப்புக்கொண்டிருந்தன. அவர் மறுத்தது அந்தத் திருமணத்தைக் கொண்டாடும் படைப்பை மட்டும். தன்பாலின ஜோடிக்குத் திருமண கேக் செய்ய மறுத்தவரின் 2018 கேக் கடை வழக்கைத் துணைக்கு இழுக்காதீர்கள். புகாரை விசாரித்த மாநில சிவில் உரிமை ஆணையம் கடைக்காரரின் மதத்தை இளக்காரமாக நடத்தியதால்தான் அவர் ஜெயித்தார்.

ஒன்று யோசித்துப் பாருங்கள்: அதே வாசகத்தை மணமகனின் அம்மா வந்து கேட்டாலும் மறுப்பீர்களா? ஆம் என்றால் சரி, நீங்கள் மறுப்பது வாசகத்தை. ஆளைப் பார்த்துப் பதில் மாறினால் அது பாகுபாடு.

பெயரும் தேதியும் மட்டும் மாறும் ரெடிமேட் அட்டை எந்தப் பக்கம் என்பதற்கு அந்தத் தீர்ப்பு தெளிவாகக் கோடு போடவில்லை. அதற்கு உள்ளூர் வக்கீலைப் பாருங்கள். அதுவரை 'இவர்களுக்குச் செய்ய மாட்டோம்' என்று போர்டு கீர்டு வைத்துவிடாதீர்கள். மாநிலச் சட்டம் அப்படி அறிவிப்பதையே தடுக்கிறது.