வாசகர் கேள்வி – பதில்: ‘மற்ற எல்லா நபர்களும்’ யார்?

கேள்வி: அமெரிக்காவில் அடிமைமுறை குறித்து அரசியல்வாதிகள் செய்துகொண்ட சமரசங்களை நடத்தினால், மாணவர்கள் 1820, 1850, 1854 என்று ஆண்டுகளை ஒப்பிக்கிறார்களே தவிர, எதுவும் மனத்தில் பதியவில்லை. மூல ஆவணங்களைக் கொண்டு நடத்த எங்கிருந்து தொடங்கலாம்?
– வரலாற்று ஆசிரியை, அம்பாசமுத்திரம்

பதில்: ஆண்டுகளைச் சற்று ஒதுக்கிவிட்டு, 1787-இல் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் ஒரே ஒரு பத்தியைத் தமிழாக்கிக் கையில் கொடுங்கள். பிரதிநிதிகள் அவையின் இடங்களை மாநிலங்களுக்குப் பங்கிடும்போது, சுதந்திரமானவர்களின் தொகையோடு ‘மற்ற எல்லா நபர்களிலும்’ ஐந்தில் மூன்று பங்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்கிறது அந்தப் பத்தி. அந்த ‘மற்றவர்கள்’ யார் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ‘அடிமைத்தனம்’ என்ற சொல் அந்தச் சட்டத்தில் முதன்முதலாக இடம்பெற்றதே, அதை ஒழித்த 1865-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான்.

முழு மனிதனை முக்கால் மனிதனாகக்கூட எண்ணவில்லையே என்று வகுப்பு கொதிக்கும்; கொதிக்கட்டும். பிறகு, முழுதாக எண்ண வேண்டும் என்று கேட்டவர்கள் யார் என்று கேளுங்கள். கேட்டவர்கள் தென்மாநிலத்தார். அடிமைகளுக்கு வாக்கு கிடையாது. அவர்களுடைய தலைக்கணக்கால் கூடுகிற இடங்களோ எஜமானர்களின் மாநிலங்களுக்கு. இந்த முடிச்சு அவிழ்ந்தால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

நம் பக்கத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் பார்க்காத வீடு குறைவு. அண்ணன் தம்பிகள் கையெழுத்திட்டிருப்பார்கள், அக்காளின் பங்கு ‘விடுதலைப் பத்திரம்’ என்ற பெயரில் தனியாகக் கரைந்திருக்கும் (விடுதலை என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு பிழைப்பு!). யார் கையெழுத்து இல்லை என்று பார்க்கும் அந்தப் பழக்கத்தோடு 1850-ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பிடிபட்டவரை எஜமானரிடம் அனுப்பினால் விசாரணை ஆணையருக்குப் பத்து டாலர் கட்டணம், விடுவித்தால் ஐந்து. பிடிபட்டவரின் சாட்சியமோ ஏற்கப்படாது. அதையடுத்து, அடிமையாக இருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டரில் ஆற்றிய உரையிலிருந்து ஒரு பக்கத்தைக் கொடுங்கள்.

நம் மண்ணும் விலக்கல்ல. பிரிட்டனின் 1833-ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டம் கம்பெனி ஆட்சிப் பகுதிகளை விட்டுவிட்டது. 1843-இல் வந்த ஐந்தாம் சட்டமும் எஜமானரின் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கா என்றதே தவிர, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. மிகச் சிறிய அந்தச் சட்டத்தை வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம்.

நகல் எடுக்கும்போது வரிகளுக்கு எண் போடுங்கள். யார் எதைச் சொன்னாலும் ‘எந்த வரியில் இருக்கிறது?’ என்று கேட்க வசதியாக இருக்கும்.