சிங்களத்தில் எழுதிய முறைப்பாட்டில் கையெழுத்து வைத்துவிட்டேன், இனி மாற்றலாமா?

கேள்வி: நாங்கள் நிலாவெளிப் பக்கம் இருக்கிறோம். வேலிப் பிரச்சினையில் பக்கத்துக் காணிக்காரர் அப்பாவைப் பொல்லால் அடித்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்து, திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் இருந்தார். அன்றே பொலிஸுக்குப் போனேன். தமிழ் தெரிந்தவர் யாரும் கடமையில் இல்லை. வேறு அலுவலாக வந்திருந்த ஓட்டோக்காரர் ஒருவர் நான் சொன்னதைச் சிங்களத்தில் சொல்ல, கொன்ஸ்டபிள் எழுதினார். வாசித்துக் காட்டவில்லை. கையெழுத்துக் கேட்டார், வைத்தேன். பிறகு பிரதியை எடுத்துச் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டினால், எல்லைத் தகராறு, இரண்டு பகுதியையும் எச்சரிக்க வேண்டும் என்று மட்டும்தான் இருக்கிறதாம். அடித்ததும் இல்லை, அடித்தவர் பெயரும் இல்லை. மூன்று கிழமையாகிவிட்டது. மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம், சேர்?

பதில்: சகோதரி, கையெழுத்து வைத்த முறைப்பாட்டை அழித்து எழுத முடியாது. ஆனால் அதோடு கதை முடியவில்லை. மேலதிக வாக்குமூலம் கொடுக்க உங்களுக்கு வழி இருக்கிறது. அதைத் தமிழில், உங்கள் கையாலேயே எழுதிக் கொண்டுபோங்கள். இதுதான் முதல் வேலை, நாளைக்கே செய்யுங்கள்.

ஏன் கையால் எழுதச் சொல்கிறேன் என்றால், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு முறைப்பாட்டை வாயாலும் சொல்லலாம், எழுத்திலும் கொடுக்கலாம் என்கிறது. வாயால் சொன்னால், சொன்ன மொழியிலேயே பதிந்து, வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் பதிய அதிகாரியால் முடியாவிட்டால், உங்கள் மொழியில் நீங்களே எழுதித் தரும்படி அவர்தான் கேட்க வேண்டும். உங்களுக்கு எழுத முடியாது என்றால் மட்டுமே தேசிய மொழிகளில் ஒன்றில் அவர் எழுதலாம். அப்போதும் ஏன் அப்படி எழுதினார் என்ற காரணத்தைக் குறித்து, தேவையானால் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. உங்கள் விஷயத்தில் ஒரு தாளும் பேனையும் தந்திருந்தாலே போதும். ஓட்டோக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன், அந்த மனிதர் உதவிக்கு வந்தவர். அவரை மொழிபெயர்ப்பாளர் ஆக்கியதுதான் பிழை. அவர் பெயரையும் போன் இலக்கத்தையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு சாட்சியாகத் தேவைப்படலாம்.

அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ், பொதுப் பதிவேடுகளும் தமிழில் இருக்க வேண்டும். 1988 இல் 16 ஆவது திருத்தத்தோடு வந்த ஏற்பாடு இது. சில பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகளாக ஜனாதிபதி பிரகடனப்படுத்தலாம், அங்கேயும் தமிழுக்குரிய இடம் குறையாது. ஆகவே தமிழில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பது யாரிடமும் கேட்கும் சலுகை இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் இதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருப்பது வேறு கதை.

எழுதும்போது காணிச் சண்டையின் பழைய வரலாற்றை எல்லாம் இழுக்க வேண்டாம். எந்த நாள், எத்தனை மணி, யார், எதால், எந்த இடத்தில் அடித்தார், யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். அப்புறம் முதல் முறைப்பாடு எப்படிப் பதியப்பட்டது, வாசித்துக் காட்டப்படவில்லை என்பதையும் சேருங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதியோடு ஏற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் பொறுப்பதிகாரிக்கும் மேலதிகாரியான பொலிஸ் அத்தியட்சகருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள்.

முதல் முறைப்பாட்டை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கட்டாயம் தூக்கிப் பிடிப்பார். அடித்தார் என்று அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். இதற்கு உங்களிடம் இருக்கும் பெரிய பலம் ஆஸ்பத்திரிதான். வார்ட்டில் சேர்க்கும்போதும் சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்போதும் காயம் எப்படி வந்தது என்று கேட்டு எழுதுவார்கள். அப்பா அன்றைக்கே இன்னார் பொல்லால் அடித்தார் என்று சொல்லியிருந்தால், அது பொலிஸ் புத்தகத்துக்கு வெளியே நிற்கும் பதிவு. அப்பாவிடம் என்ன சொன்னார் என்று கேளுங்கள், வார்ட்டில் வைத்திருந்த நோயாளிப் பதிவின் (டிக்கெட்) இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அவரது வாக்குமூலத்தைப் பொலிஸார் இன்னும் எடுக்கவில்லை என்றால் அதையும் எடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அடி வாங்கியவர் அவர்தானே.

எலும்பு முறிவு தண்டனைச் சட்டக்கோவையின் 311 ஆம் பிரிவின்படி கடுங்காயம். வாய்த்தர்க்கம் போல இதை முடித்துவிட முடியாது. மத்தியஸ்த சபை அழைத்தால் போங்கள், போகாமல் விடுவது உங்களுக்குத்தான் பாதகம். ஆனால் அங்கே யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தி இணங்க வைக்க முடியாது. காயத்தைச் சொல்லி, இணக்கமில்லை என்றால் அதற்கான சான்றிதழை வாங்கி வாருங்கள்.

அடுத்தது காலக்கெடு. இதில் அசட்டை வேண்டாம். அடிப்படை உரிமை, மொழி உரிமை மீறல்களுக்கு அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான். மூன்று கிழமை போய்விட்டது. கொழும்பில் வழக்குப் போட எல்லோராலும் முடியாது, செலவு அதிகம். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் வராது. திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. வெறும் முறைப்பாட்டு இலக்கம் போதாது, விசாரணை நடப்பதைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் கேட்டிருக்கிறது. ஆகவே கொடுத்துவிட்டு வீட்டில் இருக்காமல், விசாரணை தொடங்கியதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

முறைப்பாட்டைத் தமிழில் பதியாதது பற்றி அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். அதனால் அப்பாவின் வழக்கு ஓர் அடியும் நகராது, ஆகவே அதை ஆறுதலாகச் செய்யுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் பொலிஸார் அசையவில்லை என்றால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136 ஆம் பிரிவின் கீழ் சட்டத்தரணி மூலம் நீதவான் நீதிமன்றத்தில் நேரடியாக முறைப்பாடு தாக்கல் செய்யலாம். கட்டணம் கட்ட வசதி இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகுங்கள். போகும்போது சிங்கள முறைப்பாட்டின் பிரதி, நீங்கள் தமிழில் எழுதியதன் பிரதி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, ஆஸ்பத்திரித் துண்டுகள், இருவரின் அடையாள அட்டைகள் எல்லாம் கையில் இருக்கட்டும்.