கணினி கேள்வி–பதில்: சரிசெய்யலாமா, புதிது வாங்கலாமா?

கேள்வி: மவுஸை ஒருமுறை அழுத்தினால் இரண்டு முறை கிளிக் ஆகிறது. ஃபைலை இழுத்துச் செல்லும்போது பாதியிலேயே விட்டுவிடுகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். இடது பட்டனுக்குக் கீழே உள்ள மைக்ரோ ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்குள் மெல்லிய செப்புத் தகடு ஒன்று வில் போல வளைந்து நிற்கும். நாளாக ஆக அதன் விறைப்பு குறையும், தொடுமுனையில் கறை படியும். அழுத்தும்போது தகடு துள்ளித் துள்ளித் தொடுவதால் கணினி அதை இரண்டு கிளிக்காக எடுத்துக்கொள்கிறது. இழுக்கும்போது ஒரு கணம் தொடர்பு விட்டாலும் ஃபைல் நழுவிவிடும்.

கழற்றும் முன் ஒரு சோதனை. மவுஸ் செட்டிங்கில் இடது, வலது பட்டன்களை மாற்றிப் போட்டு, வலது பட்டனால் வேலை செய்து பாருங்கள். ஒழுங்காக இருந்தால் கோளாறு இடது ஸ்விட்சில்தான்.

திருகுகள் பெரும்பாலும் அடிப்பக்கத்து வழுக்குப் பட்டைகளுக்கும் ஸ்டிக்கருக்கும் கீழே ஒளிந்திருக்கும். மூன்று கால் உள்ள, 12.8 மி.மீ. நீளம், 5.8 மி.மீ. அகலம் கொண்ட ஸ்விட்ச்தான் பல மவுஸ்களில் இருக்கும். இருந்தாலும் உங்களுடையதை அளந்து பார்த்து வாங்குங்கள். பழையதன் ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, புதியதை அதே திசையில் பொருத்திப் பற்றவையுங்கள். மேலே துருத்தும் சின்னப் பொத்தான் ஒரு ஓரமாகத்தான் இருக்கும். திருப்பி வைத்துவிட்டால் மூடியின் நாக்கு அதில் படாது. ஒரு காலுக்கு மூன்று நொடிக்கு மேல் சூடு காட்டாதீர்கள், போர்டிலுள்ள செப்புத் தடம் பெயர்ந்துவிடும். வீட்டில் செத்துப்போன மவுஸ் கிடந்தால் அதன் வலது ஸ்விட்சை எடுத்துப் போடலாம். அது இடதை விடக் குறைவாகவே உழைத்திருக்கும். தொடுமுனையின் கறையைப் போக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்தால் சில நாள் ஓடும், பிறகு பழைய கதைதான்.

கேள்வி: கீபோர்டில் ஜூஸ் கொட்டியது. துடைத்து உலர்த்தியும் ஐந்தாறு கீகள் வேலை செய்யவில்லை.

பதில்: கீகளுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் உள்ள சாதாரண மெம்பரேன் கீபோர்டு என்றால் புதிது வாங்குங்கள். கீகள் ஒவ்வொன்றுக்கும் தனி வயர் கிடையாது. பல கீகள் ஒரே மின் தடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. கூட்டமாகச் செயலிழந்தால் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்ட அந்தத் தடம் அரித்துவிட்டது என்று பொருள். அதன் மேல் ஈயம் பற்றவைக்க முடியாது, தாள் உருகிவிடும். ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்விட்ச் இருந்து, அதைப் பிடுங்கி மாற்றும் வசதியும் உள்ள மெக்கானிக்கல் கீபோர்டு என்றால் மட்டும், புது ஸ்விட்ச் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஹெட்செட்டில் ஒரு பக்கம் கேட்பதில்லை. வயரை மடக்கிப் பிடித்தால் வருகிறது.

பதில்: பிளக்கை ஒட்டிய இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் வயர் அறுந்திருக்கும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு 3.5 மி.மீ. நான்கு முனை பிளக் ஒன்றைப் பற்றவைத்தால் சரியாகிவிடும். இப்போதைய வழக்கப்படி நுனி இடது, முதல் வளையம் வலது, அடுத்த வளையம் கிரவுண்ட் (எல்லாவற்றுக்கும் பொதுவான வயர்), அடிப்பகுதி மைக். வயர் இழைகளில் மெல்லிய வண்ணப் பூச்சு இருக்கும். அதைச் சூட்டில் எரித்துவிட்டு ஈயம் பூசாவிட்டால் எத்தனை முறை பற்றவைத்தாலும் சத்தம் வராது. பலர் ‘பிளக் சரியில்லை’ என்று மூன்று பிளக் வாங்குவது இதனால்தான்.

கேள்வி: லேப்டாப் சார்ஜர் வயர் வளையும் இடத்தில் கருகியிருக்கிறது. டேப் சுற்றினால் போதுமா?

பதில்: போதாது. கருகல் என்றால் உள்ளே இழைகள் அறுந்து, மீதி இழைகள் சுமை தாங்காமல் சூடாகின்றன. கருகியது சுவர் பிளக்கிலிருந்து சார்ஜர் பெட்டிக்கு வரும் வயராக இருந்து, அது தனியாகக் கழன்று வருவதானால், அதை மட்டும் மாற்றுங்கள். கருகியது சார்ஜர் பெட்டியிலிருந்து லேப்டாப்புக்குப் போகும் வயர் என்றால் சார்ஜரையே மாற்றுங்கள். பெட்டியைத் திறக்க வேண்டாம். 230 வோல்ட் மின்சாரத்தில் உள்ளே கெபாசிட்டர் சுமார் 325 வோல்ட்டைத் தேக்கி வைக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். புதிய சார்ஜரில் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் அளவு, பிளஸ்–மைனஸ் படம் இரண்டையும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: வயர்லெஸ் ஹெட்செட்டின் பேட்டரி உப்பி, மூடி பிளந்திருக்கிறது.

பதில்: சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம். குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள்.