மை தீர்ந்தது என்று யார் சொன்னது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரிண்டரைப் பற்றியவை. மற்றவற்றை அடுத்த முறை பார்க்கலாம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: மாதத்துக்கு ஒரு தடவை பிரிண்ட் எடுத்தால் அதிகம். ஒவ்வொரு தடவையும் கோடு கோடாக வருகிறது. ஹெட் கிளீனிங் நாலைந்து முறை கொடுத்தால் சரியாகிறது, ஆனால் மை மளமளவென்று இறங்கிவிடுகிறது. இன்க்ஜெட் பிரிண்டர், வாங்கி ஒரு வருடம் ஆகிறது.

ப: உங்கள் மை காகிதத்துக்குப் போகவில்லை, கழுவிக் கொட்டுவதிலேயே போகிறது. இன்க்ஜெட்டில் மையைத் தெளிக்கும் பாகம்தான் ஹெட். அதில் மை வெளியே வரும் துளை தலைமுடியைவிடச் சிறியது. சும்மா கிடந்தால் மை அங்கேயே காய்ந்துவிடும். கிளீனிங் கொடுத்தால் பிரிண்டர் அந்தத் துளைகள் வழியே மையை இழுத்து உள்ளேயே கொட்டும். அடைப்பில்லாத நிறமும் சேர்ந்துதான் போகும்.

முதலில் நாசில் செக், அதாவது துளைகளைச் சோதிக்கும் பக்கம் ஒன்று எடுங்கள். எந்த நிறத்தில் கோடு விட்டுப்போகிறது என்று அதில் தெரியும். ஒரு கிளீனிங், மறுபடி ஒரு செக். இரண்டு மூன்று சுற்றில் சரியாகவில்லை என்றால் நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். உள்ளே வந்த புது மை, காய்ந்ததை ஊறவைத்து இளக்கும். காலையில் பார்த்தால் பல நேரம் தானாகவே சரியாகியிருக்கும்.

இன்னொன்று: எப்படி அணைக்கிறீர்கள்? பிரிண்டரின் பட்டனிலா, சுவரில் இருக்கும் சுவிட்சிலா? பட்டனை அழுத்தினால் ஹெட் ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடிமேல் உட்காரும். அணைக்கும்போது கடைசியாகக் கேட்கும் ‘டக்’ சத்தம் அதுதான். அச்சு ஓடும்போதோ முடிந்த கையோடோ சுவரில் தட்டிவிட்டால் ஹெட் நடுவழியில் வாயைத் திறந்தபடி நின்றுவிடும்.

வாரத்துக்கு ஒரு வண்ணப் பக்கம் எடுங்கள். அதற்குக்கூட வேலை இல்லை, கறுப்பு எழுத்து மட்டும் போதும் என்றால் உங்களுக்கு லேசர்தான் சரி. அதில் மைக்குப் பதில் இருக்கும் டோனர் வெறும் பொடி. காய்வதற்கு அதில் ஈரமே கிடையாது.

கே: புது பிரிண்டர் பெட்டியில் யூஎஸ்பி கேபிளே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

ப: இல்லை. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். படியுங்கள்.

கே: ஆஃபரில் பாதி விலைக்கு ஒரு பிரிண்டர் வாங்கினேன். கூட வந்த கார்ட்ரிட்ஜ் ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. புது கார்ட்ரிட்ஜ் இரண்டும் வாங்கினால் பிரிண்டர் விலையைத் தாண்டுகிறது! இது என்ன நியாயம்? பெட்டியில் போட்டிருந்த பக்கக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட எனக்கு வரவில்லை.

ப: நியாயம் கேட்கும் முன் ஒன்று சொல்லுங்கள். பிரிண்டர் விலையைக் கேட்டபோதே கார்ட்ரிட்ஜ் விலையையும் கேட்டீர்களா? மாட்டை வாங்கியபின் தீவன விலையைக் கேட்டு அதிர்ச்சி அடைகிற கதையாக இருக்கிறது.

திட்டிவிட்டேன், நானும் யோக்கியன் இல்லை. உள்ளங்கை அகலத்தில் அழகாக இருக்கிறது என்று சின்ன போட்டோ பிரிண்டர் ஒன்று வாங்கினேன். மொத்தம் பதினொரு போட்டோ எடுத்தேன். அதன் பேப்பரும் மையும் ஒரே பாக்கெட்டாகத்தான் விற்கிறார்கள் என்பது பன்னிரண்டாவது போட்டோவின்போதுதான் தெரிந்தது. இப்போது அதன் மேல் துணி கிளிப் டப்பா இருக்கிறது. எடுத்துப் போட மனசு வரவில்லை.

பக்கக் கணக்கில் பொய் இருக்காது, ஆனால் அது உங்கள் வீட்டுக் கணக்கு இல்லை. இன்க்ஜெட்டுக்கு ஐஎஸ்ஓ 24711 என்று ஒரு அளவுமுறை உண்டு. குறிப்பிட்ட சில மாதிரிப் பக்கங்களைத் தொடர்ந்து அச்சிட்டுக்கொண்டே போய், எத்தனை வருகிறது என்று எண்ணுவார்கள். நீங்களோ இன்றைக்கு இரண்டு பக்கம், பத்து நாள் கழித்து மூன்று பக்கம் எடுக்கிறீர்கள். நடுவில் பிரிண்டர் விழித்தெழும்போதெல்லாம் கழுவிக்கொள்ள எடுத்த மை எந்தப் பெட்டியின் கணக்கிலும் வராது. போதாக்குறைக்கு, பல பிரிண்டர்களில் கூட வரும் முதல் கார்ட்ரிட்ஜ் முழுசாக நிரப்பியது இல்லை. கடையில் தனியாக விற்பதைவிட அதில் மை குறைவு.

கார்ட்ரிட்ஜ் விலையை அதன் பக்கக் கணக்கால் வகுங்கள். வருகிற தொகையை இரண்டால் பெருக்குங்கள். பெருக்குவது என் அனுபவம், ஐஎஸ்ஓ கணக்கு இல்லை. அதை ஒரு பக்கத்தின் செலவு என்று வைத்துக்கொண்டு பிரிண்டர் வாங்குங்கள்.

கே: லேசர் பிரிண்டரில் பளபளப்பான போட்டோ பேப்பர் போட்டோம். பாதியில் சிக்கி, இப்போது எல்லாப் பக்கத்திலும் கறை. வாரண்டியில் வராது என்கிறார்கள். பேப்பர் கட்டில் ‘இன்க்ஜெட்’ என்றுதான் போட்டிருந்தது, ஆனாலும் பேப்பர் பேப்பர்தானே?

ப: இல்லை. லேசருக்குள் டோனரை உருக்கி ஒட்டவைக்கும் ஃபியூசர் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் ஓடுகிறது. போட்டோ பேப்பரின் பூச்சு அதில் உருகி உருளையில் அப்பிக்கொண்டுவிட்டது. பெரும்பாலும் ஃபியூசரையே மாற்ற வேண்டியிருக்கும். கட்டில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன் என்று நீங்களே எழுதிய பிறகு நான் யாரோடு சண்டை போடுவது?

கே: வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். கேள்வித்தாள் எல்லாம் என் இங்க் டேங்க் பிரிண்டரில்தான். ஒரு நாள் விளக்குகள் எல்லாம் மாறி மாறி மின்ன, பிரிண்டர் நின்றுவிட்டது. சர்வீஸ் கடையில் “போர்டு போச்சும்மா, சரி பண்ற செலவுக்குப் புதுசே வாங்கிடலாம்” என்று சொல்லி, பழையதைச் சொற்ப விலைக்கு எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து மை வாங்கப் போனபோது என் பழைய பிரிண்டர் அதே கடை மேஜையில் ஓடிக்கொண்டிருந்தது. மூடியில் என் மகள் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. ஒன்றும் கேட்காமல் திரும்பிவிட்டேன்.

ப: அம்மா, கேட்காமல் வந்ததற்கு உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அந்த ஸ்டிக்கரைப் பார்த்த நொடியில் யாருக்கும் பேச்சு வராது.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் போர்டு போயிருக்க வாய்ப்பு குறைவு. கிளீனிங்கில் கொட்டும் மை எங்கே போகிறது என்று மேலே சொல்லாமல் விட்டேன். பிரிண்டரின் அடியில் பஞ்சுத் திண்டு மாதிரி ஒன்று இருக்கிறது. கழிவு மை அத்தனையும் அதில் ஊறும். எவ்வளவு கொட்டியது என்று உள்ளே ஒரு கவுண்டர் கணக்கு வைத்திருக்கும். கணக்கு நிறைந்ததும், மை வெளியே வழிந்துவிடக் கூடாது என்று பிரிண்டர் தானே நின்றுவிடும். உங்களைப்போல் நிறைய அச்சடிப்பவர்களுக்கு இது வரும். திண்டை மாற்றிக் கவுண்டரைப் பூஜ்யமாக்கினால் மறுபடி ஓடும். உங்கள் பிரிண்டர் அந்த மேஜையில் ஓடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

போய்க் கேளுங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு. போர்டு மாற்றியதற்கான ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் நடந்ததைத் தேதியோடு எழுதி, புது பிரிண்டரின் பில் நகலை வைத்து, கடைக்கும் பிரிண்டர் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கும் அனுப்புங்கள். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற கடை என்றால் இதற்குப் பதில் வரும். பழைய பிரிண்டரைத் திருப்பிக் கேட்பதில் ஒரு வெட்கமும் வேண்டாம்.

மற்றவர்களுக்கு: சர்வீஸுக்குக் கொடுக்கும்போது திரையில் வந்த பிழை எண்ணை, திரை இல்லாவிட்டால் எந்த விளக்கு எப்படி மின்னியது என்பதை, போனில் படம் எடுத்துவிடுங்கள். என்ன பழுது என்று காகிதத்தில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் கேளுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள், கழிவு மைப் பெட்டியை நாமே கழற்றி மாற்றும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். திண்டை மாற்றாமல் கவுண்டரை மட்டும் ரீசெட் செய்யும் புத்திசாலித்தனம் வேண்டாம். நான் செய்தேன். ஒரு மாதம் கழித்து அலமாரித் தட்டிலிருந்து கருநீலமாக ஒரு கோடு இறங்கி, கீழே இருந்த வெள்ளை வேட்டியில் முடிந்தது.

கே: கறுப்பு எழுத்து மட்டுமே அச்சடிக்கிறேன். வண்ண மையும் ஏன் குறைகிறது?

ப: கழுவும்போது எல்லா நிறமும் போகும் என்று சொன்னேனே, அது ஒன்று. பல பிரிண்டர்கள் கறுப்பையே வண்ணங்களைக் கலந்து செய்வதும் உண்டு, முக்கியமாக போட்டோ பேப்பர் என்றோ உயர்தரம் என்றோ அமைப்பில் இருந்தால். சாதா பேப்பர், கறுப்பு மை மட்டும் என்று மாற்றிப் பாருங்கள். குறையும், நிற்காது.

கே: வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ் போட்டு எட்டு மாதம் நன்றாக ஓடியது. போன வாரம் பிரிண்டர் தானாக ‘அப்டேட்’ ஆனது. மறுநாள் முதல் ‘இந்தக் கார்ட்ரிட்ஜை ஏற்க முடியாது’ என்கிறது. உள்ளே முக்கால்வாசி மை இருக்கிறது. நான் செய்த தப்பு என்ன?

ப: ஒன்றும் இல்லை. உட்காருங்கள், இது எனக்குப் பழைய புண்.

கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் நகக்கண் அளவுக்குப் பொன்னிறப் புள்ளிகளோடு ஒரு சிப் இருக்கும். மை எவ்வளவு மிச்சம் என்று பிரிண்டருக்குச் சொல்வதற்காக அது இருக்கிறது என்பார்கள். பல மாடல்களில் அது மையைப் பார்ப்பதே இல்லை. இத்தனை துளி தெளித்தாயிற்று, இத்தனை முறை கழுவியாயிற்று என்று கணக்கு மட்டும் போட்டு, ‘தீர்ந்தது’ என்று அறிவிக்கும். குலுக்கினால் உள்ளே சலசலக்கும். அந்தச் சிப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு: தான் எந்த வீட்டுப் பிள்ளை என்று பிரிண்டரிடம் சொல்வது.

2016 செப்டம்பர் 13 அன்று உலகம் முழுக்க ஆபீஸ்களில் எச்பி ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை ஒரே நாளில் மறுக்க ஆரம்பித்தன. அப்டேட் மாதங்களுக்கு முன்பே உள்ளே போய்விட்டது, தேதி வரட்டும் என்று காத்திருந்தது. கூச்சல் கிளம்பியபின் கம்பெனி, சரியாகத் தெரிவிக்கவில்லை என்று வருத்தம் சொல்லி, அந்தத் தடையை நீக்கும் அப்டேட் ஒன்றை வெளியிட்டது. கொள்கையை மட்டும் கைவிடவில்லை. ‘டைனமிக் செக்யூரிட்டி’ என்று அதற்குப் பெயர். பாதுகாப்பு யாருக்கு என்றுதான் கேட்க வேண்டும்.

2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் கம்பெனியின் வழக்கில், ஒரு முறை விற்றுவிட்ட கார்ட்ரிட்ஜின்மேல் காப்புரிமையைக் காட்டி வழக்குப் போட முடியாது, விற்றதோடு அந்த உரிமை தீர்ந்தது என்று சொன்னது. கம்பெனிகளுக்குச் சட்டத்தின் கதவு மூடியது, சிப்பின் கதவு திறந்தே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 2022 ஜனவரியில் நடந்ததுதான். சிப் தட்டுப்பாடு. கேனன் கம்பெனியால் தன் டோனர்களுக்கே சிப் போட முடியவில்லை. சொந்தச் சரக்கையே அதன் பிரிண்டர்கள் சந்தேகப்பட்டன. அந்த எச்சரிக்கையை எப்படித் தாண்டிப்போவது என்று கம்பெனியே வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. சிப் இல்லாமலும் அச்சு வந்தது. இதற்கு மேல் நான் என்ன வாதாடுவது!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மலிவு ரீஃபில் எல்லாம் யோக்கியம் இல்லை. டோனர் கசிந்து பிரிண்டரின் உட்புறம் முழுக்கப் புழுதி படிந்ததை நானே துடைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஆபத்தை எடுப்பதா வேண்டாமா என்பது என் பணம், என் முடிவு.

உங்களுக்கு: கார்ட்ரிட்ஜ் விற்றவரிடம் போங்கள். நல்ல விற்பனையாளர்கள் புது சிப் போட்டதாக மாற்றித் தருவார்கள். அதன்பின் பிரிண்டரின் அமைப்பில் தானியங்கி அப்டேட்டை அணையுங்கள். அடுத்த பிரிண்டர் வாங்கும்போது, அந்தக் கம்பெனியின் சிப் உள்ள கார்ட்ரிட்ஜ் மட்டுமே ஓடும் என்ற வாசகம் பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். மாதச் சந்தாவில் மை அனுப்பும் திட்டம் என்றால் இன்னும் கவனம். சந்தாவை நிறுத்தினால், மை மிச்சம் இருந்தாலும் சந்தாவில் வந்த கார்ட்ரிட்ஜ் வேலை செய்யாமல் போகும் திட்டங்கள் இருக்கின்றன.

கே: டோனர் பொடி சட்டையில் கொட்டிவிட்டது.

ப: உதறுங்கள், பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சுடுதண்ணீரும் இஸ்திரிப் பெட்டியும் பக்கத்தில் வரக் கூடாது. அது பிளாஸ்டிக் பொடி, சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்ளும்.

கே: எங்கள் ஆபீஸ் பிரிண்டரில் தினமும் பேப்பர் ஜாம். இழுத்து இழுத்துச் சலித்துவிட்டது.

ப: எந்தப் பக்கம் இழுக்கிறீர்கள்? பேப்பர் போகிற போக்கில், இரண்டு கையாலும், மெதுவாக. எதிர்ப்பக்கம் வெடுக்கென்று இழுத்தால் கிழியும், உள்ளே நிற்கும் நகத்தளவு துண்டு அடுத்த பத்து ஜாமுக்குக் காரணமாகும். கிழிந்ததை மேஜைமேல் சேர்த்து வைத்துப் பாருங்கள், மூலை எதுவும் குறையக் கூடாது.

அப்புறம் தட்டைக் கழற்றிவிட்டு, பேப்பரைப் பிடித்து இழுக்கும் ரப்பர் ரோலரை விரலால் தொட்டுப் பாருங்கள். புதிதில் சொரசொரவென்று இருப்பது, பேப்பர்த் தூசி ஏறி வழுவழுவென்று பளபளக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நூல் பிரியாத துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ரோலரைச் சுழற்றிச் சுழற்றித் துடையுங்கள். துணி கறுப்பாகும். பேப்பர் கட்டைப் பிரித்து வெளியே வைக்காதீர்கள், ஈரம் இழுக்கும்.

கே: வாரண்டியில் ஒன்பது மாதம் பாக்கி இருக்கிறது. ஆனால் கடை பில்லில் எழுத்தே மறைந்துவிட்டது. வெறும் வெள்ளைக் காகிதம்.

ப: அது தெர்மல் பேப்பர். மையே கிடையாது, சூடு பட்ட இடம் கறுக்கும், நாளாக ஆக வெளுக்கும். கடையில் உங்கள் போன் எண்ணை வைத்து நகல் கேளுங்கள். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கிக் கணக்கு விவரமும் உதவும். பிரிண்டரின் சீரியல் எண்ணை வைத்துக் கம்பெனியும் தேடிப் பார்க்கும். இனிமேல் வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். லேமினேட் செய்து பத்திரப்படுத்தலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் பில்லை அப்படிச் செய்தவன் நான். இயந்திரத்தின் மறுபக்கத்தில் தகடுபோல முழுக்கறுப்பாக வெளியே வந்தது.

கே: நல்ல பிரிண்டர் ஒன்று சொல்லுங்கள். அவசரம்.

ப: மாதம் எத்தனை பக்கம், கறுப்பா வண்ணமா, வீட்டுக்கா ஆபீஸுக்கா? ஒன்றுமே எழுதவில்லை. எழுதிவிட்டு மறுபடி கேளுங்கள்.