பெரிய கம்பெனியாக இருப்பதே ஐரோப்பாவில் குற்றமா?

கேள்வி: "ஐரோப்பாவில் ஒரு கம்பெனி பெரிதாக வளர்ந்தாலே கூகுளுக்குப் போட்ட மாதிரி அபராதம் போட்டுவிடுவார்கள் என்கிறார்களே, அந்தப் போட்டிச் சட்டம் உண்மையில் எதைத்தான் தடுக்கிறது?"

பெரிதாக இருப்பது அங்கே குற்றமே இல்லை. நல்ல பொருளைக் கொடுத்து சந்தையில் முக்கால்வாசியைப் பிடித்திருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அந்தப் பலத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களை எழுந்திருக்கவிடாமல் செய்தால்தான் ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 102-வது பிரிவு பாயும். 2017-ல் கூகுளுக்கு 242 கோடி யூரோ விழுந்தது இதற்குத்தான்: தேடல் முடிவுகளில் தன் விலை ஒப்பீட்டுச் சேவையை மேலே வைத்து, போட்டியாளர்களுடையதைக் கீழே தள்ளியது.

பத்திரிகைகள் எழுதுவதெல்லாம் இந்த 102 பற்றித்தான். ஆனால் கம்பெனிக்குள் வேலை பார்ப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்குவது 101-வது பிரிவு, அதாவது போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வது. நான் வக்கீல் இல்லை, ஜெர்மனியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்குப் பயிற்சி வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: தொழில் சங்கக் கூட்டத்தில் யாராவது விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் திறந்து மறுப்புச் சொல்லு, எழுந்து வெளியே போ, நீ போனதைக் கூட்டக் குறிப்பில் எழுத வை. சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அங்கே சாக்காக எடுபடாது, மௌனத்தைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் லாரி வழக்கைப் பாருங்கள். மான், டைம்லர், வோல்வோ/ரெனோ, இவெகோ, டாஃப் என்று ஐரோப்பாவின் பெரிய லாரி கம்பெனிகள் 1997 முதல் 2011 வரை, 14 வருஷம், லாரிகளின் பட்டியல் விலையைக் கலந்து பேசி வைத்துக்கொண்டார்கள். புகை குறைக்கும் புதிய தொழில்நுட்பத்தை எப்போது இறக்குவது, அந்தச் செலவை வாங்குபவர் தலையில் எப்படிக் கட்டுவது என்பதுவரை பேச்சு போயிருக்கிறது. 2016-ல் இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் ஐரோப்பிய ஆணையம் போட்ட மொத்த அபராதம் 293 கோடி யூரோ. அதில் டைம்லர் பங்கு மட்டும் 100 கோடிக்கு மேல். கூட்டில் இருந்த ஸ்கேனியா மட்டும் சமரசத்துக்கு வராமல் தனியாகச் சண்டை போட்டு, 2017-ல் 88 கோடி அபராதம் வாங்கி, 2024-ல் கடைசி மேல்முறையீட்டிலும் தோற்றது.

மான் கம்பெனி எவ்வளவு கட்டியது தெரியுமா? பூஜ்யம். கட்டியிருக்க வேண்டியது 120 கோடி, ஆனால் முதலில் போய்க் காட்டிக்கொடுத்தது அவர்கள்தான். நம் ஊரில் அப்ரூவர் ஆவார்களே, அதேதான். முதலில் வருபவருக்கு முழு மன்னிப்பு, அடுத்து வருபவருக்குத் தள்ளுபடி மட்டும். உலகளாவிய வருட விற்பனையில் 10 சதவீதம் வரை அபராதம் போடலாம் என்ற விதியைவிட எனக்கு இதுதான் பெரிய ஆயுதமாகத் தெரிகிறது. சதியில் இருக்கும் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவன் எப்போது பிரசல்ஸில் இருக்கும் ஆணையத்துக்கு ஓடுவானோ என்ற பயத்திலேயே இருக்க வேண்டும். சலவைத்தூள் வழக்கிலும் 2011-ல் இதே கதை: ஹென்கல் தப்பித்தது, பி அண்ட் ஜி-யும் யூனிலீவரும் சேர்ந்து 31.5 கோடி கட்டினார்கள். சுற்றுச்சூழலுக்காகத் தூளின் அளவைக் குறைப்போம் என்ற நல்ல காரியத்துக்குக் கூடிய இடத்தில்தான் அந்தப் பேச்சே ஆரம்பித்திருக்கிறது!

சோதனைக்கு வருபவர்களிடம் விளையாடவும் முடியாது. 2006-ல் எ.ஆன் என்ற ஜெர்மன் மின்சாரக் கம்பெனியில் ஆவணங்களை ஓர் அறையில் வைத்து அதிகாரிகள் ராத்திரி சீல் ஒட்டிவிட்டுப் போனார்கள், காலையில் வந்து பார்த்தால் அது பிரிந்த அடையாளம். துடைக்கும் திரவம் பட்டிருக்கும், சீல் பழசு, அதிர்வு என்றெல்லாம் கம்பெனி வாதாடிப் பார்த்தது, ஒன்றும் எடுபடவில்லை. அந்த ஒரு சீலுக்கு மட்டும் 3.8 கோடி யூரோ.

அதற்காக ஆணையம் போட்டதெல்லாம் நிற்கும் என்றும் இல்லை. இன்டெலுக்கு 2009-ல் போட்ட 106 கோடியை 2022-ல் நீதிமன்றம் ரத்து செய்தது, இன்டெல் வாங்குபவர்களுக்குக் கொடுத்த தள்ளுபடிகளால் போட்டி எப்படிக் கெட்டது என்ற ஆய்வு போதாது என்று.

எனக்கு இந்தச் சட்டத்தில் இருக்கும் பெரிய குறை வேகம். கூகுள் மீது 2009-ல் புகார் கொடுத்தது ஃபவுண்டெம் என்ற சின்ன பிரிட்டிஷ் விலை ஒப்பீட்டுத் தளம். கடைசித் தீர்ப்பு வந்தது 2024 செப்டம்பரில். ஜெயித்தது என்னவோ உண்மை, ஆனால் அந்தத் தளத்தை 2016-லேயே மூடிவிட்டார்கள். இப்படித் தப்பு நடந்தபின் துரத்திக்கொண்டு ஓட முடியாது என்றுதான் பெரிய இணைய கம்பெனிகளுக்கு மட்டும் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் என்று தனியாக ஒன்று கொண்டுவந்தார்கள். 2024 மார்ச்சிலிருந்து, செய்யக்கூடாதவற்றை முன்கூட்டியே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கேள்வியில் இருக்கும் 'பெரிதாக இருந்தாலே' என்ற புகார் ஓரளவாவது பொருந்துவது அந்தச் சட்டத்துக்குத்தான்.