மனுவிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: நியூயார்க் புரூக்ளினில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். இங்குள்ள யூத சமூக மையம் ஒன்றில் 16, 17 வயதுப் பிள்ளைகளுக்கு ஆறு வகுப்புகள் எடுக்கக் கேட்டிருக்கிறார்கள். தங்கள் சமூக வரலாற்றைத் தெரிந்துகொண்டு அவர்கள் தேர்தலிலும் பொதுவாழ்விலும் ஈடுபட வேண்டுமாம். பிள்ளைகளோ, "எங்கள் வரலாறு ஹோலோகாஸ்ட்தானே, அது எங்களுக்குத் தெரியும்" என்று, நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையைச் சொல்கிறார்கள். நான் யூதரும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பிள்ளைகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேரழிவை மட்டுமே வரலாறாகக் கேட்டு வளர்ந்தால், முன்னோர்கள் பிறர் செய்ததை அனுபவித்தவர்கள் மட்டுமே என்று தோன்றிவிடும். ஹோலோகாஸ்டை அவர்கள் அவசியம் படிக்க வேண்டும், படித்தும் வருகிறார்கள். உங்கள் ஆறு வகுப்புகளில், அமெரிக்க யூதர்கள் அரசிடம் என்ன கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கதை உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

1654-இல், போர்த்துக்கீசியர் மீண்டும் பிடித்த பிரேசிலின் ரெசிஃபே நகரை விட்டு வெளியேறிய 23 யூதர்கள் நியூ ஆம்ஸ்டர்டாமில் வந்து இறங்கினார்கள். இன்றைய நியூயார்க்தான் அது. ஆளுநர் ஸ்டைவசன்ட் அவர்களை விரட்டப் பார்த்தார். ஆம்ஸ்டர்டாம் யூதர்கள், அந்தக் குடியேற்றத்தை ஆண்ட டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடம் மனு கொடுத்து அதைத் தடுத்தார்கள். தங்க இடம் கிடைத்தது, சம உரிமை கிடைக்கவில்லை. ஊர்க்காவலில் யூதர்கள் நிற்கக் கூடாது, அதற்குப் பதில் மாத வரி கட்ட வேண்டும் என்று 1655-இல் உத்தரவு வந்தது. ஆசர் லெவி, ஜேக்கப் பார்சிம்சன் என்ற யூதர்கள் இருவரும் அதே ஆண்டு மனு எழுதினார்கள்: நாங்கள் உடலுழைப்பால் பிழைப்பவர்கள், மற்றவர்களைப் போல எங்களையும் காவலுக்கு நிற்க விடுங்கள், இல்லையென்றால் வரியை நீக்குங்கள். பிடிக்காவிட்டால் ஊரை விட்டுப் போகலாம் என்பது பதில்.

இங்கே கதையை நிறுத்திவிடுங்கள். "அடுத்து நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, ஒவ்வொருவரையும் ஒரு மனு எழுதச் சொல்லுங்கள். அப்புறம் 1657-க்கு வாருங்கள். அதற்குள் லெவி காவலுக்கு நிற்கத் தொடங்கியிருந்தார். "மற்றவர்களைப் போல நானும் காவல் காக்கிறேன், எனக்கும் நகரக் குடியுரிமை வேண்டும்" என்று கேட்டார். முதலில் மறுத்தார்கள், சமூகத்தின் மற்றவர்களும் சேர்ந்து கேட்டதும் கொடுத்தார்கள். கடமையைச் செய்துகாட்டி அதையே உரிமைக்கு ஆதாரமாக வைத்த அந்த யோசனையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

இன்னொரு வகுப்பை 1862-க்கு ஒதுக்குங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் ஜெனரல் கிராண்ட், கள்ள வணிகத்தைக் காரணம் காட்டி, தன் படைப் பகுதியிலிருந்த யூதர்கள் அனைவரையும் வெளியேற்ற டிசம்பர் 17-இல் ஆணையிட்டார். கென்டக்கி மாநிலம் படூக்காவின் சீசர் காஸ்கெல் முதலில் குடியரசுத் தலைவர் லிங்கனுக்குத் தந்தி அடித்தார். பிறகு வாஷிங்டனுக்கே போய், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் சின்சினாட்டி உறுப்பினர் ஒருவரின் துணையோடு லிங்கனை நேரில் பார்த்தார். மறுநாளே, 1863 ஜனவரி 4-இல், ஆணையை ரத்து செய்யும் உத்தரவு போனது. யாரிடம் போனார், யார் வழியாகப் போனார் என்பதுதான் இங்கே பாடம்.

நீங்கள் யூதர் இல்லை என்று தயங்க வேண்டாம். மேரிலாந்தில் யூதர்கள் அரசுப் பதவி வகிக்க இருந்த தடையை நீக்கப் போராடிய சட்டமன்ற உறுப்பினர் தாமஸ் கென்னடி கிறிஸ்தவர், யூதர் ஒருவரோடும் தனக்குப் பழக்கமே இல்லை என்று சொன்னவர். அதற்காகவே தேர்தலில் தோற்றார், மறுபடி வென்று வந்தார், 1826-இல் சட்டம் நிறைவேறியது. யூதர்களின் முதல் மனு 1797-இலேயே போயிருந்தது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: பெருமைக் கதைகளோடு நிறுத்தாதீர்கள். அடிமை முறைக்கு வேதத்தில் இடமுண்டு என்று 1861-இல் நியூயார்க்கில் ரபி (யூத மதகுரு) மோரிஸ் ரஃபால் பிரசங்கம் செய்தார். அதைக் கடுமையாக மறுத்த ரபி டேவிட் ஐன்ஹார்ன், கலகக் கும்பலுக்கு அஞ்சி பால்டிமோரை விட்டே போக நேர்ந்தது. இரண்டு பேரையும் படித்தால்தான், சமூகம் ஒரே குரலில் பேச வேண்டியதில்லை என்பது பிள்ளைகளுக்குப் புரியும். இன்றைய கட்சிச் சண்டை வகுப்புக்குள் வரத்தான் செய்யும், வரட்டும். நீங்கள் மட்டும் எந்த வேட்பாளர் பக்கமும் சாயாதீர்கள்.

புரூக்ளின் என்பதால் சோவியத் யூனியனிலிருந்து வந்த குடும்பங்கள் நிச்சயம் இருக்கும். 1987 டிசம்பர் 6-இல், சோவியத் யூதர்கள் அந்நாட்டை விட்டு வெளியேற உரிமை கேட்டு வாஷிங்டனில் சுமார் 2,50,000 பேர் திரண்டார்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அந்தக் காலத்தைக் கேட்டுப் பதிவு செய்து வரச் சொல்லுங்கள்.

கடைசி வகுப்பை மையத்துக்குள் வைக்காதீர்கள். நியூயார்க்கில் 16 வயதிலேயே வாக்காளராக முன்பதிவு செய்யலாம், அதை முந்தைய வகுப்பிலேயே முடித்துவிடுங்கள். பிறகு உங்கள் வட்டாரப் பிரச்சினைகளைப் பேசும் ஆலோசனைக் குழுவான கம்யூனிட்டி போர்டின் கூட்டத்துக்கு எல்லாரையும் அழைத்துப் போங்கள். பொதுமக்கள் பேச அங்கே நேரம் உண்டு. பேருந்து நிறுத்தமோ பூங்கா விளக்கோ, அவர்களே தேர்ந்தெடுத்த ஒரு விஷயத்தைப் பேசட்டும். 16, 17 வயதினர் அந்தப் போர்டில் உறுப்பினராகவே ஆகலாம். நியமிப்பவர் புரூக்ளின் பரோவின் (நகரப் பிரிவின்) தலைவர். விருப்பம் காட்டும் பிள்ளையோடு உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள்.